மேனேஜரின் கணக்கு: ரெகேயின் சாலைகள் பற்றிச் சில குறிப்புகள்

பாப் மார்லியைப் பற்றி நம் பக்கங்களில் பேசப்படும்போது பெரும்பாலும் இரண்டு பேர்தான் வருகிறார்கள். ஒருபுறம் கலகக்காரப் பாடகன், மறுபுறம் கம்பெனி. பாடகன் ட்ரெஞ்ச் டவுன் குடிசைகளிலிருந்து வருகிறான், கம்பெனி லண்டனிலிருந்து வருகிறது. கலகம் எப்படிச் சரக்காக்கப்பட்டது என்கிற கேள்விக்கு, அடோர்னோவின் 'கலாச்சாரத் தொழிற்சாலை'யைக் கையில் வைத்துக்கொண்டு நாம் உடனே பதில் சொல்லிவிடுகிறோம். கம்பெனி விழுங்கிவிட்டது, அவ்வளவுதான். இந்தச் சட்டகத்தில் ஒரு ஆள் விடுபட்டுப் போகிறான். பாடகனோடு ஒரே பஸ்ஸில் போகிறவன், ஒரே ஓட்டலில் தங்குகிறவன், ராத்திரி நிகழ்ச்சி முடிந்ததும் பணத்தை எண்ணி வாங்குகிறவன். மேனேஜர். கம்பெனியின் ஆளா, பாடகனின் ஆளா என்று அவனைப் பார்த்துச் சட்டென்று சொல்லிவிட முடியாது. பல சமயம் பாடகன் வளர்ந்த அதே நகரத்துத் தெருக்களில் வளர்ந்தவனாகவும் இருப்பான். எதிர்ப்பிசை என்று நாம் கொண்டாடுவது எந்த மேடைக்குப் போகும், யார் காசில் போகும், யாருக்காகப் பாடும் என்பதெல்லாம் இவன் கணக்கு நோட்டில்தான் முடிவானது என்பது என் எண்ணம். ரெகேயின் உலகப் பயணத்தை அந்த நோட்டின் வழியாகப் பார்க்க முயல்கிறேன்.

முதலில் தொழிலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மேனேஜர் என்கிற ஒரே சொல்லில் இரண்டு வேலைகள் அடங்கியிருக்கின்றன. கலைஞரின் மேனேஜர் என்பவர் ஒப்பந்தம், ராயல்டி, எந்த ஆண்டு எந்த நாட்டுக்குப் போவது என்பதைத் தீர்மானிப்பவர். அவருக்குக் கமிஷன், பொதுவாக 15 முதல் 20 சதவீதம். டூர் மேனேஜர் என்பவர் சாலையில் இருப்பவர். விசா, விமான டிக்கெட், ஓட்டல் அறை, ஒலிக்கருவிகளின் லாரி, தினப்படி, யாருக்குக் காய்ச்சல், யார் விடியற்காலையில் பஸ் ஏறவில்லை என்பதெல்லாம் அவர் பாடு. ரெகேயில் இந்த இரண்டும் அடிக்கடி ஒரே ஆளின் தலையில் விழுந்தன. அதோடு மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. ரஸ்தஃபாரிகளின் 'ஐட்டல்' உணவில் பன்றி இறைச்சி கிடையாது, பலருக்கு உப்புகூடக் கிடையாது. ஐரோப்பிய ஓட்டல் சமையலறையில் இது நடக்குமா? மார்லி குழுவோடு தனியாக ஒரு சமையற்காரரே பயணம் செய்தார். கஞ்சா வேறு. சுங்கச் சாவடியில் நாய் மோப்பம் பிடித்தால் அன்றைய மேடை காலி.

பணம் வரும் விதம் இப்படி. உள்ளூரில் நிகழ்ச்சி நடத்தும் ப்ரமோட்டர் ஒரு தொகைக்கு 'கேரண்டி' தருவார். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அதைக் கொடுத்தாக வேண்டும். பாதியை முன்னதாக வாங்கிக்கொள்வது, மீதியைக் குழு மேடையேறுவதற்கு முன்னால் ரொக்கமாக வாங்குவது. கையில காசு, வாயில தோசை. கூட்டம் கூடுதலாக வந்தால் டிக்கெட் வசூலில் பங்கு. எத்தனை டிக்கெட் விற்றது என்பதில் ப்ரமோட்டர் பொய் சொல்லுவார், மேனேஜர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். சரி, அந்த மேனேஜர் பாடகனிடம் சொல்லும் எண் எது? இதைக் கண்டுபிடிக்க ஆள் கிடையாது. இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான ஒப்பந்தங்களில் கமிஷன் என்பது மொத்த வரவின் மீது. டூர் நஷ்டத்தில் முடிந்தாலும் மேனேஜருக்கு நஷ்டமில்லை. நஷ்டத்தைக் கம்பெனி 'டூர் உதவி' என்ற பெயரில் ஈடுகட்டும், பிறகு அதை ராயல்டியிலிருந்து பிடித்துக்கொள்ளும். உதவி என்று பெயர்தானே தவிர அது கடன். கலைக்குழு வைத்து நடத்திப் பார்த்தவர்களுக்கு இதில் பாதியாவது புரியும்.

இந்த ஏற்பாட்டுக்குள் ஜமைக்கா எப்படி வந்து சேர்ந்தது? 1960களின் கிங்ஸ்டனில் பாட்டுக்கு உரிமையாளன் என்று ஒருவன் நடைமுறையில் கிடையாது. ஸ்டூடியோ வைத்திருக்கும் தயாரிப்பாளர் பாட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தடவை கொடுத்து முடித்துவிடுவார், அல்லது வாரச் சம்பளம் தருவார். ராயல்டி என்கிற சொல்லே பாடகர்களுக்குத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. 1962ல் சுதந்திரம் வாங்கிய நாட்டில் 1993 வரை நடப்பிலிருந்தது 1911ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம். காலனியத்தின் எச்சம் என்று நாம் மேடையில் பேசுவது அங்கே பாடகனின் அன்றாடச் சாப்பாட்டுப் பிரச்சினையாக இருந்தது.

1960களின் பிற்பகுதியில் டானி சிம்ஸ் என்ற கறுப்பு அமெரிக்கர், பாடகர் ஜானி நாஷோடு ஜமைக்காவில் இருந்தார். மார்லியையும் பீட்டர் டாஷையும் வாரச் சம்பளத்துக்கு எழுதவும் பாடவும் வைத்தவர் அவர். பிறகு 1972ல் கிறிஸ் பிளாக்வெல் வருகிறார். ஜமைக்காவில் வளர்ந்த வெள்ளையர், ஐலண்ட் ரெக்கார்ட்ஸின் முதலாளி. ஒரு முழு ஆல்பத்துக்காக வெய்லர்ஸ் குழுவிடம் 4,000 பவுண்டு முன்பணம் கொடுத்தார். இவர்கள் பணத்தோடு காணாமல் போய்விடுவார்கள் என்று பக்கத்திலிருந்தவர்கள் அவரை எச்சரித்தார்களாம். ஆல்பம் வந்தது: 'கேட்ச் எ ஃபயர்'. லண்டனில் அதன்மேல் ராக் கிதாரும் கீபோர்டும் ஏற்றப்பட்டன. இந்த இடத்தைப் பற்றி விமர்சகர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். ஒலியில் நடந்த கலப்படத்தைப் பற்றி மட்டும் பேசுகிறவர்கள் அதற்கடுத்து நடந்ததைக் கவனிப்பதில்லை. ஆல்பத்தை விற்க வேண்டுமென்றால் சாலைக்குப் போக வேண்டும்.

1973ல் போனார்கள். இங்கிலாந்தின் குளிரில் சின்னச் சின்ன கிளப்புகளில் பாடிவிட்டு ஊர் திரும்பியதும் பன்னி வெய்லர் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சாப்பாடு, குளிர், பாடவேண்டிய இடங்களின் தன்மை எல்லாமே அவருக்கு பாபிலோன். அதே ஆண்டு அக்டோபரில் அவர் இடத்தில் முதிய ஆசான் ஜோ ஹிக்ஸைச் சேர்த்துக்கொண்டு அமெரிக்கா போனார்கள். ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவுக்கு முன்னால் பாடும் வேலை. நான்கே நிகழ்ச்சிகள், கழற்றிவிட்டார்கள். லாஸ் வேகாஸில் நடுத்தெரு. இன்று 'ரெகேயின் மூலவர்கள்' என்று அழைக்கப்படுகிறவர்கள் சூதாட்ட நகரம் ஒன்றில் கையில் காசில்லாமல் நின்றார்கள். 1974ல் டாஷும் போய்விட்டார். பன்னிக்கு ஏற்கெனவே சொலமோனிக் என்று சொந்த லேபிள் இருந்தது, அதில் தன் போக்கில் பாடினார், பல ஆண்டுகள் ஜமைக்காவை விட்டு நகரவில்லை. மூவரின் பிரிவைக் கொள்கை வேறுபாடு என்கிறோம், ஈகோ என்கிறோம். பிளாக்வெல் ஒருவரை மட்டும் முன்னிறுத்தியதும் உண்மைதான். எனக்கென்னவோ பஸ்ஸும் சாப்பாடும் அந்தப் பிரிவில் வகித்த பங்கு குறைத்தே பேசப்படுகிறது என்று படுகிறது. சாலைக்குப் போக மறுப்பதும் ஓர் அரசியல் நிலைப்பாடு. பன்னி அதற்கான விலையைக் கொடுத்தார். டீ-ஷர்ட்டில் அவர் முகம் வரவில்லை.

மார்லி சாலையைத் தேர்ந்துகொண்டார். சாலைக்கு ஆள் வேண்டும். டான் டெய்லர் நுழைவது இங்கேதான்.

டெய்லர் கிங்ஸ்டன் தெருக்களில் தானாக வளர்ந்தவர். ஜமைக்காவுக்குப் பாட வந்த அமெரிக்க சோல் பாடகர்களுக்கு எடுபிடி வேலை செய்து, அந்த வழியாகவே அமெரிக்கா போய்ச் சேர்ந்து, லிட்டில் ஆண்டனி அண்ட் தி இம்பீரியல்ஸ் குழுவின் மேனேஜர் வரை உயர்ந்தவர். படிப்பு என்று பெரிதாக இல்லை. சட்டை தேய்த்துக் கொடுக்கும்போதே கதவுக்குப் பின்னால் பேசப்படும் பேரத்தைக் காதில் வாங்கிக்கொண்டவர் என்று வைத்துக்கொள்ளலாம். 1974ல் கிங்ஸ்டனில் மார்வின் கேயின் நிகழ்ச்சி நடந்தது, முன்னால் பாடியவர்கள் வெய்லர்ஸ். அந்தக் காலகட்டத்தில்தான் டெய்லர் மார்லியைத் தேடிப்போய் 'நான் பார்த்துக்கறேன்' என்கிறார். மார்லி ஒத்துக்கொண்டது ஏன்? அமெரிக்க ப்ரமோட்டர் எங்கே ஏமாற்றுவான் என்று தெரிந்த, அதே சமயம் பட்வா மொழியில் திட்டத் தெரிந்த ஆள் வேறு யார் இருந்தார்கள்? 1975 ஜூலையில் லண்டன் லைசியம் அரங்கில் நடந்த நிகழ்ச்சி ஆல்பமாக வந்து மார்லியை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு ஆல்பம், ஒரு டூர் என்று ஒரு ஒழுங்கு உண்டாகிறது. எழுதப் படிக்கத் தெரிந்த நடுத்தர வர்க்கத்து நிர்வாகி ஒருவரால் இதைச் செய்திருக்க முடியுமா என்பது சந்தேகம். தெருவின் அறிவு என்று ஒன்று உண்டு. அதை நாம் ரொமாண்டிக்காகப் பேசுவோம், அதன் இன்னொரு முகத்தைப் பார்த்ததும் முகம் சுளிப்போம்.

1976 டிசம்பர் 3. கிங்ஸ்டன், ஹோப் ரோடு 56ஆம் எண் வீடு. இரண்டு நாளில் 'ஸ்மைல் ஜமைக்கா' என்ற இலவச நிகழ்ச்சி நடக்கவிருந்தது. கட்சிக்கு அப்பாற்பட்ட நிகழ்ச்சி என்று மார்லி ஒத்துக்கொண்ட பிறகு, மைக்கேல் மேன்லியின் அரசு டிசம்பர் 15ல் தேர்தல் என்று அறிவித்துவிட்டது. நிகழ்ச்சி ஆளுங்கட்சியின் பிரச்சார மேடையாகிப் போனது. ஒத்திகை இடைவேளையில் மார்லி சமையலறையில் நின்று பம்ப்ளிமாஸ் தின்றுகொண்டிருந்தார். டெய்லர் பேசிக்கொண்டே அவரை நோக்கி வருகிறார். துப்பாக்கிக்காரர்கள் வாசலில். மார்லிக்கு நெஞ்சில் உரசிக் கையில் காயம், ரீட்டாவுக்குத் தலையில். பெரும்பாலான தோட்டாக்கள் வாங்கியது நடுவில் நின்ற டெய்லரின் உடம்பு. அறுவை சிகிச்சைக்காக அவரை மியாமிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவர் மார்லியைக் காப்பாற்றக் குறுக்கே விழுந்தார் என்று ஒரு கதை உண்டு. தற்செயலாகக் குறுக்கே இருந்தார் என்பதுதான் பொருத்தமாகப் படுகிறது. குறுக்கே இருப்பதுதானே அந்த வேலை!

டிசம்பர் 5ல் மார்லி கட்டுப்போட்ட கையோடு பாடினார், எண்பதாயிரம் பேர் கூடினார்கள் என்பார்கள். எல்லோரும் எழுதிவிட்ட பகுதி இது. மார்லன் ஜேம்ஸின் 2014 நாவல் 'ஏழு கொலைகளின் சுருக்கமான வரலாறு' இந்தத் துப்பாக்கிச்சூட்டை மையமாக வைத்து எழுதப்பட்டு அடுத்த ஆண்டு புக்கர் பரிசும் வாங்கியது. நான் கவனப்படுத்த விரும்புவது வேறொன்றை. சுட்டவர்கள் யார், அனுப்பியவர்கள் யார் என்பது குறித்துப் பேசப்படுகிற பல செய்திகளின் ஊற்று டெய்லரின் வாய்தான். 1990களின் நடுவில் 'மார்லி அண்ட் மீ' என்று அவர் ஒரு நூல் கொண்டுவந்தார். சுட்டவர்களில் சிலரை கெட்டோ ஆட்களே பிடித்து விசாரித்துத் தண்டித்ததைத் தானும் மார்லியும் நேரில் பார்த்ததாக அதில் சொல்கிறார். சிஐஏவும் வருகிறது. அந்த நூல் டெய்லர் சொல்ல மைக் ஹென்றி என்பவர் எழுதியது. ஹென்றி பதிப்பாளர், அதே சமயம் மேன்லியின் எதிர்க்கட்சியான ஜமைக்கா தொழிலாளர் கட்சியின் அரசியல்வாதி. சந்தேகத்தின் நிழல் விழுந்ததும் அந்தக் கட்சியின் ஆட்கள் மேல்தான். நூலில் எது டெய்லருடையது, எது ஹென்றியுடையது, எது விற்பனைக்கானது? பிரதியின் நம்பகத்தன்மை பற்றி நாம் இலக்கியத்தில் எழுப்பும் கேள்விகளை இங்கே எழுப்ப ஏனோ தயங்குகிறோம். மார்லி பற்றிய 'உண்மைகள்' அந்த நூலிலிருந்து எடுத்துக் கையாளப்படுகின்றன, மூலத்தின் பெயரே இல்லாமல்.

அடுத்த ஆண்டுகளில் லண்டன், 'எக்ஸோடஸ்', 1978ல் ஐரோப்பாவும் அமெரிக்காவும், 1979ல் ஜப்பான், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா. 1978ல் வந்த நேரடி ஆல்பத்துக்கு 'பாபிலோன் பை பஸ்' என்று பெயர் வைத்தார்கள். பால் கில்ராய் தன் 'கறுப்பு அட்லாண்டிக்' (1993) நூலில் கப்பலை மைய உருவகமாக எடுத்துக்கொள்கிறார். அடிமைகளையும் நூல்களையும் இசைத்தட்டுகளையும் கருத்துகளையும் கொண்டுசென்ற கப்பல். அந்த வரிசையில் இந்த பஸ்ஸையும் சேர்க்கலாம். எதை நிராகரித்துப் பாடுகிறோமோ அதன் நெடுஞ்சாலைகளிலேயே, அதன் டீசலிலேயே ஓடி, அதனிடமே டிக்கெட் விற்றுப் பாடுவது. அந்தப் பெயரை வைத்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாமலா இருந்திருக்கும்?

1980 ஜனவரியில் காபோன். மார்லி ஆப்பிரிக்க மண்ணில் முதன்முதலாகப் பாடிய நாடு. அழைத்தது அதிபர் ஓமர் போங்கோவின் குடும்பம். அவர் பிறந்தநாளை ஒட்டிய விழா. 1967 முதல் நாட்டைத் தன் கைக்குள் வைத்திருந்த, எண்ணெய்ப் பணத்தில் மிதந்த, பிரான்சின் செல்லப்பிள்ளையான ஒரு அதிபர். 'ஆப்பிரிக்காவே ஒன்றுபடு' என்ற கனவோடு போன பாடகன் அரண்மனைக்கு வேண்டப்பட்டவர்கள் முன்னால் பாடினான். இலவசமாகவே பாடத் தயாராக இருந்தார் என்றும் சொல்வார்கள். தொகை நாற்பதாயிரம் டாலர் என்று டெய்லர் சொல்லியிருந்தார். அறுபதாயிரம் கொடுத்ததாக அங்கே தெரியவந்தது. மார்லியின் வாழ்க்கை வரலாறுகள் சொல்வது இது. அடிதடி வரை போய், டெய்லர் விலக்கப்பட்டார். அதற்கு முன்னால் எத்தனை மேடைகளில் எவ்வளவு போயிற்று என்ற கேள்வி பிறகு எழுந்தது.

எல்லோரும் இருபதாயிரத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்த அறுபதாயிரம்தான் உறுத்துகிறது. டெய்லர் நேர்மையாகக் கணக்குக் காட்டியிருந்தால் காபோன் பயணம் சரியான பயணம் ஆகியிருக்குமா? போங்கோவின் பணம் முழுசாக மார்லியின் கைக்கு வந்திருக்கும், அவ்வளவுதானே! மேனேஜரின் திருட்டு பெரிய விஷயமாகிப்போனதில், யாருடைய விருந்துக்கு யார் போய்ப் பாடினார்கள் என்ற விஷயம் மறைந்துபோனது. கெட்டவன் ஒருவன் கிடைத்துவிட்டால் நமக்கு எல்லாமே சுலபமாகிவிடுகிறது.

மூன்று மாதம் கழித்து ஜிம்பாப்வே. ஏப்ரல் 17 நள்ளிரவு நெருங்க, அன்று சாலிஸ்பரி என்றழைக்கப்பட்ட ஹராரேயின் ரூஃபாரோ மைதானத்தில் சுதந்திர விழா. கேரண்டி இல்லை, கட்டணமும் இல்லை. ஒலிக்கருவிகளை லண்டனிலிருந்து விமானத்தில் கொண்டுபோகும் செலவை மார்லியே ஏற்றுக்கொண்டார். வழக்கமான மேனேஜர் எவனும் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டான். உள்ளே பிரித்தானிய இளவரசர் சார்லஸ், வெளிநாட்டுத் தலைவர்கள், கட்சிக்காரர்கள். வெளியே நின்ற சனங்கள் வாயிலை நெருக்கித் தள்ள, போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. புகை மேடைக்கும் வந்தது. மறுநாள் பொதுமக்களுக்காக இன்னொரு தடவை பாடினார்கள். மேனேஜரின் கணக்கைத் தாண்டிப் போன இந்த ஒரு பயணத்திலும் மதில் ஒன்று இருந்தது, உள்ளே யார் வெளியே யார் என்பதை வேறு யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

டெய்லரின் இடத்துக்கு வந்தது பழைய டானி சிம்ஸ். 1960களில் வாரச் சம்பளம் கொடுத்தவரே பன்னிரண்டு வருஷம் கழித்து மறுபடியும். சிம்ஸின் ஆசை கறுப்பு அமெரிக்கா. மார்லியின் அமெரிக்கக் கூட்டம் பெரும்பாலும் வெள்ளை மாணவர்கள், கறுப்பு வானொலி நிலையங்கள் ரெகேயைத் தொடவில்லை. கறுப்பு விடுதலையைப் பாடுகிறவனுக்கு இதைவிட என்ன அவமானம்? எனவே 1980 செப்டம்பரில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கொமடோர்ஸ் குழுவோடு ஒரே மேடை. அரசியல் நோக்கும் விற்பனை நோக்கும் இங்கே ஒன்றின்மேல் ஒன்றாகப் படிகின்றன, பிரித்தெடுக்க முடியவில்லை. இரண்டு இரவு பாடினார். செப்டம்பர் 21ஆம் தேதி சென்ட்ரல் பார்க்கில் ஓடும்போது விழுந்தார். 1977ல் கால் விரலில் கண்டுபிடிக்கப்பட்ட புற்று மூளை வரை போயிருந்தது. மருத்துவர் சொன்ன பிறகும் குழு பிட்ஸ்பர்க் போனது. 23ஆம் தேதி ஸ்டான்லி தியேட்டரில் முழு நிகழ்ச்சி. நிறுத்தச் சொல்லி ரீட்டா மன்றாடினார் என்று அறிகிறோம். பாடியே ஆவேன் என்று மார்லியே நின்றாரா, டிக்கெட் விற்றாயிற்று என்று நிகழ்ச்சி ஓடியதா? சாலையின் தர்க்கத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே கோடு கிழிக்க இடமில்லை. அதுதான் கடைசி மேடை. 1981 மே 11ல் மியாமியில் இறந்தார். வயது 36.

உயில் எழுதவில்லை. மரணத்துக்குத் தயாராவது ரஸ்தஃபாரி நம்பிக்கைக்கு ஒவ்வாதது என்பது ஒரு விளக்கம். 1987ல் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட பீட்டர் டாஷும் எழுதவில்லை. மார்லி சொத்து வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அவரோடு கடைசிவரை பாஸ் கிதார் வாசித்த ஆஸ்டன் பேரட் தன் பங்கைக் கேட்டு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2006ல் தோற்றார். இசையின் முதுகெலும்பே அவர் கைதான், ஆனால் அதைக் காட்ட நீதிமன்றம் ஏற்கும்படியான தாள் அவரிடம் இல்லை.

வழக்குகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது வேறு. 1973 அக்டோபரில் மார்லி தன் பாட்டுகளின் உரிமையை சிம்ஸின் கேமன் மியூசிக்குக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஒப்பந்தம் கழுத்தை நெரித்தது. அதிலிருந்து தப்ப ஒரு வழி: எழுதியது நான் இல்லை என்று சொல்லிவிடுவது. 'நோ வுமன் நோ க்ரை' உள்ளிட்ட சில பாட்டுகள் நண்பர்கள், உறவினர்கள் பெயர்களில் வெளிவந்தன. அந்தப் பாட்டு வின்சென்ட் ஃபோர்ட் பெயரில். ட்ரெஞ்ச் டவுனில் ஏழைகளுக்குக் கஞ்சித்தொட்டி நடத்தியவர், நீரிழிவில் இரு கால்களையும் இழந்தவர், மார்லிக்கு இளமையில் சோறு போட்டவர். ஆசிரியன் இறந்துவிட்டான் என்று பார்த் எழுதியதைப் பற்றி எத்தனை கூட்டங்கள் போட்டிருப்போம்! இங்கே ஒரு ஆசிரியன் மேனேஜரிடமிருந்து தப்பிக்கத் தன்னைத்தானே அட்டையிலிருந்து அழித்துக்கொண்டிருக்கிறான், அப்படி அழித்ததில் ஒரு கஞ்சித்தொட்டிக்காரருக்கு ராயல்டி கிடைத்திருக்கிறது.

2014ல் கேமன் மியூசிக், ப்ளூ மவுண்டன் மியூசிக் என்ற இரண்டு நிறுவனங்கள் லண்டன் உயர் நீதிமன்றத்தில் 13 பாட்டுகளுக்காக மோதிக்கொண்டன. முதலாவது சிம்ஸ் தொடங்கியது, இரண்டாவது பிளாக்வெல்லுடையது. பெயர் மாற்றிப் போட்டது மார்லியின் தந்திரம்தான் என்பதில் இருதரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை. கேள்வி ஒன்றுதான்: 1992ல் கைமாறிய உரிமைகளில் இந்தப் பாட்டுகளும் அடக்கமா? அடக்கம் என்று தீர்ப்பானது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. சிம்ஸ் 2012ல் இறந்திருந்தார். ஃபோர்ட் அதற்கும் முன்னால், 2008 டிசம்பரில், கிங்ஸ்டனில்.